பாட்டுக்கு அடியில் ஓடும் பாட்டு

*1980 தீபாவளிக்கு வந்து ஓடாமல் போன ஒரு படம். அதிலிருந்த ஒரு பாட்டு, இருபத்தாறு வருடம் கழித்துக் கோலாலம்பூரில் இன்னொரு பிறவி எடுத்துத் தமிழ் ராப்புக்கு வாசல் திறந்தது. 'மடை திறந்து' பாட்டின் தாளம் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் போனது?*

ஜமுனாமரத்தூரில் கோடை விழா. மாவட்ட நிர்வாகம் நடத்தும் விழா என்பதால் முதலில் அதிகாரிகள் பேச வேண்டும், நலத்திட்ட உதவிகள் வழங்க வேண்டும், துறைவாரியாகப் போட்டிருக்கும் அரங்குகளை விருந்தினர்கள் சுற்றிப் பார்க்க வேண்டும். சாமை, தேன், புளி, கடுக்காய் விற்கும் மகளிர் குழுக்களின் கடைகளைத் தாண்டி, தூங்கி விழும் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனம் மேடைக்கு முன்னால் வந்து உட்காரும்போது நன்றாக இருட்டிவிடும். ஜவ்வாது மலையின் குளிர் அப்போதுதான் காது மடலில் ஏறும். அதற்கப்புறம் ஆர்கெஸ்ட்ரா.

கீழேயிருந்து வேனில் வந்த குழு. கீபோர்டு ஒன்று, பேஸ் கிட்டார் ஒன்று, தபேலா, ரிதம் பேட், பாடகர்கள். எண்பதுகளின் வரிசையில் 'மடை திறந்து' வந்தது. முதல் சொல்லிலேயே நடுவயதைக் கடந்தவர்களின் முகம் மலர்ந்துவிட்டது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய மெட்டை அவர்கள் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு தலையை ஆட்டினார்கள். முன்வரிசையில் நின்ற இளவட்டங்களிடம் அசைவில்லை. அவர்கள் வேறொன்றுக்குக் காத்திருந்தார்கள். பல்லவி முடிந்து, மேடையோரம் நின்ற இன்னொரு பையன் மைக்கை வாங்கி மலேசியாவின் யோகி பி-யின் ராப்பை அடுக்கத் தொடங்கியதும் கிளம்பிய விசில் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். இரண்டு தலைமுறையும் ஒரே பாட்டுக்கு வேறு வேறு இடத்தில் கைதட்டின. ஆனால் செருப்புக் கால்களைக் கவனித்தால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், தாளச் சுற்றின் முதல் அடியில்.

அந்த முதல் அடிதான் இந்தக் கட்டுரை. மெட்டைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. வரிகளைப் பற்றி அதைவிட அதிகம். பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பாட்டை, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து போடும் அந்தத் தரையை, நாம் கவனிப்பது குறைவு. 'மடை திறந்து' இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அந்தத் தரைதான் காரணம் என்பது என் கட்சி.

ஒரே நாளில் இரண்டு படங்கள்

1980 நவம்பர் 6, தீபாவளி. வேலையில்லாத இளைஞர்களைப் பற்றிய இரண்டு படங்கள் அன்று ஒன்றாக வந்தன. கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' வென்றது. பாரதிராஜாவின் 'நிழல்கள்' தோற்றது. 'பதினாறு வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' என்று கிராமத்தைக் கொண்டுவந்து குவித்தவர் நகரத்து அறைக்குள் நுழைந்தபோது ரசிகர்கள் உடன் வரவில்லை. கதை, வசனம் எழுதியவர் மணிவண்ணன்.

படம் போனாலும் பாட்டுகள் நின்றன. வைரமுத்துவின் முதல் திரைப்பாடலான 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' இதில்தான் வந்தது. இளையராஜாவின் இசையில் அந்தப் படத்தின் பாடல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரைச் சேர்ந்தவைபோல இருக்கும். அவற்றில் வாலி எழுதிய 'மடை திறந்து' ஒரு கனவுக் காட்சி. சந்திரசேகர் நடித்த பாத்திரம், இசையமைப்பாளராகும் ஆசையோடு சென்னையில் அலைபவன். வாய்ப்பு கிடைத்துவிட்டதாக அவன் காணும் கனவுதான் அந்தப் பாட்டு.

கனவு காண்பவன் வேலையில்லாதவன் என்பதை இசை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. தயக்கமே இல்லாத பாட்டு. வயலின்கள் கூட்டமாக வந்து மேலே எழும்பும், ஊதுகருவிகள் இடையிடையே குத்தும். இவற்றுக்கெல்லாம் கீழே டிரம்ஸும் பேஸும் ஒரே மூச்சில் ஓடும். பாடகர் வரிக்கு வரி நிதானிக்கிறார், இழுக்கிறார், சிரிப்பையும் கலக்கிறார். தாளம் அவருக்காக நிற்பதில்லை. பழைய திரைப்பாட்டில் தபேலா பாடகருக்குப் பின்னால் நடந்துவரும்; இங்கே தாளம் முன்னால் போகிறது, பாடகர் அதன்மேல் ஏறிக்கொள்கிறார்.

இதை ஃபங்க் என்று சொல்லலாமா? பாதி சொல்லலாம். அந்த வயலின் கூட்டத்துக்கும் டிஸ்கோ காலத்துப் பளபளப்புக்கும் வேறு பிறப்பிடம் உண்டு. ராகத்தை விட்டும் ராஜா வெளியே போய்விடவில்லை. ஆனால் தாளமும் பேஸும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஓடும் விதம் ஃபங்க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

முதல் அடியைப் பிடி

அறுபதுகளின் நடுவில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவின் வாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தாளக்கருவிகளாக மாற்றத் தொடங்கினார். கிட்டார் மெட்டு வாசிக்கவில்லை, சுரண்டியது. சாக்ஸபோன்கள் பாடவில்லை, குத்தின. சுற்றின் முதல் அடியில் எல்லாரும் ஒன்றாக விழ வேண்டும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் யாருக்கு எங்கே சந்து கிடைக்கிறதோ அங்கே நுழைந்துகொள்ளலாம். 1967-ல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' ஃபங்க் என்ற இந்த முறைக்கு முழு வடிவம் கொடுத்தது. பிரவுன் இதைத் தன் கண்டுபிடிப்பாகவே பேசுவார். மூன்று நிமிடப் பாட்டில் ஓரிரு சுருதி மாற்றங்களே இருக்கும். கேட்பவரைக் கட்டிப்போடுவது அதற்குள் நடக்கும் தாளச் சண்டை.

கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது புதிதில்லை. சுற்றின் முதல் அடியான சமத்தில் வந்து விழுவதுதான் தனி ஆவர்த்தனத்தின் உயிர். மிருதங்கமும் கடமும் எத்தனை சுற்றுச் சுற்றி எங்கெங்கோ போனாலும் கோர்வை முடிந்து சமத்தில் இறங்கும்போது அரங்கம் ஒன்றாக மூச்சுவிடும். ஃபங்க்கில் அந்த இறக்கம் ஒவ்வொரு சுற்றிலும் உண்டு. கச்சேரி அரை மணிநேரம் காக்கவைத்துக் கொடுப்பதை அது இரண்டு விநாடிக்கொரு முறை கொடுக்கிறது. ஊர்த் திருவிழாவில் மேளத்தைச் சுற்றி வளையமாக ஆடுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடியினர் ஆடும் ஆட்டங்களிலும் மேளக்காரர் நடையை மாற்றினால் கால்கள் தானாக மாறும். அந்த மாற்றம் வரும் இடத்தை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

ஃபங்க்கின் வரலாற்றில் ஒரு பாட்டைத் தவிர்க்க முடியாது. 1969 நவம்பர் 20 அன்று சின்சினாட்டியில் பதிவாகி, மறு ஆண்டு வெளிவந்த 'ஃபங்கி டிரம்மர்'. பாட்டின் பிற்பகுதியில் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு டிரம்மருக்கு வழிவிடுகிறார் பிரவுன். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் எட்டுச் சுற்று தனியாக வாசிக்கிறார். சாகசம் எதுவும் காட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்ததையே தொடர்ந்து ஓட்டுகிறார். சுமார் இருபது விநாடி. அவ்வளவுதான்.

அந்த இருபது விநாடியை ஹிப் ஹாப் உலகம் பிய்த்துத் தின்றது. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தில், டிஜே கூல் ஹெர்க் என்ற ஜமைக்கா வம்சாவளி இளைஞர் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு, பாட்டுகளில் டிரம்ஸ் தனித்து வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிக்காட்டினார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள். எண்பதுகளில் சாம்பிளர் கருவி வந்ததும் வேலை சுலபமானது. 1986-ல் ஜேம்ஸ் பிரவுனின் பழைய பதிவுகள் 'இன் தி ஜங்கிள் குரூவ்' என்ற தொகுப்பாக வந்ததும் ஸ்டபிள்ஃபீல்டின் அந்தத் துண்டு எல்லார் கைக்கும் எட்டியது. பப்ளிக் எனிமியின் 'ஃபைட் தி பவர்', எல்.எல். கூல் ஜே-யின் 'மாமா செட் நாக் யூ அவுட்' என்று ராப்பின் பெரிய பாட்டுகள் அதன்மேல் நிற்கின்றன. அயர்லாந்தின் ஷினேட் ஓகானர் ஒரு பழைய ஒப்பாரிப் பாட்டையே அந்தத் தாளத்தின்மேல் வைத்துப் பாடினார்.

ஸ்டபிள்ஃபீல்டுக்கு இதிலெல்லாம் உரிமைத்தொகை வரவில்லை. பாட்டை இயற்றியவர் என்று பதிவாகியிருந்தது ஜேம்ஸ் பிரவுனின் பெயர். டிரம்மர் சம்பளத்துக்கு வாசித்தவர். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் வாராவாரம் உள்ளூர் மேடையில் வாசித்துக்கொண்டே காலம் ஓட்டினார். புற்றுநோய் வந்தபோது மருத்துவச் செலவில் பெரும்பகுதியை பாடகர் பிரின்ஸ் ரகசியமாகக் கட்டினார். பிரின்ஸ் இறந்த பிறகுதான் அதையே வெளியே சொன்னார் ஸ்டபிள்ஃபீல்ட். 2017 பிப்ரவரியில் தன் 73-வது வயதில் காலமானார்.

கோடம்பாக்கத்துக்கு வந்த வழி

இந்தச் சரக்கு சென்னைக்கு எப்படி வந்தது? கப்பலில் வந்த இசைத்தட்டுகள் ஒரு வழி. சிலோன் ரேடியோவின் ஆங்கில ஒலிபரப்பு இன்னொரு வழி. மூன்றாவது வழி மனிதர்கள். பம்பாய்த் திரையிசைக்குக் கோவாக்காரர்கள் செய்ததை சென்னையில் ஆங்கிலோ இந்தியர்களும் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளும் செய்தார்கள். தேவாலயக் குழு, ஓட்டல் மேடை, கல்யாண வரவேற்பு என்று வாசித்துக் கைபழகியவர்கள் பகலில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார்கள். நோயல் கிராண்ட் என்ற டிரம்மரின் பெயரை அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் இன்றும் மரியாதையோடு சொல்வார்கள். எம்.எஸ். விஸ்வநாதன் 1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்காக ஒரு பாப் குழுவின் கதையையே இசையால் தாங்கிப்பிடித்தபோது இப்படிப்பட்ட கைகள்தான் அவருக்குப் பின்னால் இருந்தன.

இளையராஜா வேறொரு திசையிலிருந்து வந்தவர். பண்ணைப்புரம், பாவலர் வரதராஜனின் மேடைகள், பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, 1976-ல் 'அன்னக்கிளி'. கிராமத்து மெட்டு என்று உலகம் கொண்டாடியபோது அவர் அதற்கு அடியில் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். பேஸ் கிட்டாருக்குத் தனியாக ஒரு மெட்டு எழுதினார். அதுவரை திரைப்பாட்டில் பேஸ் என்பது பெரும்பாலும் சுருதிக்கு முட்டுக் கொடுக்கும் வேலை. ராஜாவிடம் அது நடக்கும், திரும்பும், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தலை நீட்டும். பேஸ் வாசித்த சசிதரன், கிட்டார் சந்திரசேகர், கீபோர்டு விஜி மானுவேல், டிரம்ஸ் புருஷோத்தமன் ஆகியோரைக் கொண்ட அந்தக் குழு எண்பதுகளின் தமிழ்க் காதையே செய்து கொடுத்தது எனலாம்.

இதில் அமெரிக்க ஃபங்க்குக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஜேம்ஸ் பிரவுனின் ஆட்கள் வாசித்து வாசித்து ஒரு நடையைக் கண்டுபிடிப்பார்கள். ராஜாவின் கூடத்தில் காலையில் அவர் எழுதிய தாள்கள் பிரதியாகி, ஒவ்வொருவர் முன்னாலும் மேற்கத்தியச் சுரக்குறிப்பாக வந்து உட்காரும். ஒத்திகை பார்த்து, எல்லாரும் சேர்ந்து வாசித்து, மதியத்துக்குள் பாட்டு முடிந்துவிடும். எழுதிவைத்த ஃபங்க் என்று இதைச் சொல்வேன். தாளில் எழுதியதைத் துளியும் மாறாமல் வாசித்தும் அதில் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டார்களே, அது அந்த வாத்தியக்காரர்களின் தனித்திறமை. சுரக்குறிப்பில் சுரத்தை எழுதலாம், எவ்வளவு நேரம் என்று எழுதலாம். டிரம்மரின் குச்சி எவ்வளவு அழுத்தத்தில் விழ வேண்டும், இழையளவு முந்த வேண்டுமா பிந்த வேண்டுமா என்பதை எந்தத் தாளிலும் எழுத முடியாது.

இந்தப் பாட்டுகள் மலைக்கு ஏறிய விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜவ்வாது மலையின் காவலூரில் 1972 முதல் ஒரு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அந்த நிகழ்வைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. கோள்களின் செய்தி நேரடியாக இறங்கிய அதே மலையில் சினிமாப் பாட்டுக்கு டிரான்சிஸ்டரும் கோயில் விழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரும்தான். குழாய் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. குரலும் வயலினும் மட்டுமே கீச்சென்று பள்ளத்தாக்கில் பரவும். மலைக்காரர்கள் பலர் ராஜாவின் அடித்தளத்தை முதன்முதலாகக் கேட்டது, போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்கி, டேப்ரெக்கார்டர் வைத்த தனியார் பேருந்தில் ஏறியபோதுதான். கடைசி வரிசை சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கர் இருக்கும். அங்கே உட்கார்ந்தவனுக்குப் பாட்டு முதுகுத்தண்டு வழியாகத்தான் ஏறும்.

கோலாலம்பூரில் மறுபிறவி

மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ராப், அமெரிக்காவிலிருந்து நேராக வந்தது. சென்னை வழியாக வரவில்லை. தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் 'போயட்டிக் அம்மோ' என்ற குழு ஆங்கிலம், மலாய், தமிழ் எல்லாம் கலந்து ராப் பாடியது. அதிலிருந்தவர் யோகி பி. பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இரண்டு இளைஞர்களின் 'நட்சத்ரா'வோடு சேர்ந்து 2006-ல் 'வல்லவன்' என்ற முழுத் தமிழ் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில்தான் 'மடை திறந்து' மறுபடி வந்தது.

தமிழில் அதற்கு முன்பு ராப் இல்லாமலில்லை. 1994-ல் 'காதலன்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் 'பேட்டை ராப்' கொடுத்துவிட்டார். ஆனால் அது ஒரு படத்துக்குள் வந்த வேடிக்கைப் பாட்டு. அடுத்த பன்னிரண்டு வருடம் ராப் என்றால் கதாநாயகன் அறிமுகத்தில் இரண்டு வரி ஆங்கிலம் கத்துவது என்ற அளவிலேயே நின்றது. யோகி பி செய்தது வேறு. தமிழில் எதுகை மோனையோடு மூச்சுவிடாமல் பேச முடியும், அது சிரிப்புக்கிடமாகாது என்று காட்டினார். சந்தம் அடுக்குவது நமக்குப் புதிதா என்ன? அருணகிரிநாதரைப் படித்தவர்கள் இதை ஒரு நொடியில் ஒப்புக்கொள்வார்கள். தேவைப்பட்டதெல்லாம் அந்தச் சந்தத்தைத் தாங்கும் இன்றைய தாளம்.

அதற்கு அவர் ஏன் இந்தப் பாட்டை எடுத்தார் என்பதில்தான் அவருடைய காது தெரிகிறது. ராஜாவின் நூற்றுக்கணக்கான பாட்டுகளில் இதைவிட இனிமையானவை எத்தனையோ. ஆனால் ராப் பாடுபவனுக்கு இனிமை தடை. மெட்டு தூங்கவைக்கக் கூடாது, தாளம் இடம் கொடுக்க வேண்டும். பிராங்க்ஸில் ஹெர்க் ஜேம்ஸ் பிரவுனிடம் தேடியதை இவர் ராஜாவிடம் தேடிக் கண்டுபிடித்தார். பாட்டின் பொருளும் ஒத்துப்போனது. மூலத்தில் ஒரு வேலையற்ற இளைஞன் தான் பெரிய கலைஞனாகப் போவதாகக் கனவு காண்கிறான். மலேசியாவில் தோட்டங்களை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதே கனவை மார்தட்டிப் பாடுகிறார்கள். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது ராப்பின் பழைய மரபு. வாலியின் பல்லவி அதற்கென்றே எழுதியதுபோல உட்கார்ந்தது.

தமிழ்நாட்டில் அது பரவிய வேகம் சாதாரணமில்லை. கல்லூரி விழாக்கள், கைபேசி ரிங்டோன், பஜாரில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் கடை என்று எல்லா வழியிலும் போனது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போகும் ஜவ்வாது மலைப் பையன்கள் பொங்கலுக்குத் திரும்பும்போது கைபேசியில் இதையும் கொண்டுவந்தார்கள். அவர்களில் பலருக்கு 'மடை திறந்து' என்றால் முதலில் யோகி பி, அப்புறம்தான் எஸ்.பி.பி. பேரன் வழியாகத் தாத்தாவின் பாட்டைக் கண்டுபிடித்த தலைமுறை அது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2007-ல் 'பொல்லாதவன்' படத்தில் ஜி.வி. பிரகாஷ்குமார், 'நினைத்தாலே இனிக்கும்' படத்தின் 'எங்கேயும் எப்போதும்' பாட்டை எஸ்.பி.பி.யையும் யோகி பி-யையும் சேர்த்துப் பாடவைத்து மறுபடி கொண்டுவந்தார். 'ஆடுகள'த்தில், 'விவேக'த்தில், 'காலா'வில் யோகி பி-யின் குரல் வந்தது. ஹிப்ஹாப் தமிழா ஆதி இணையத்தில் வளர்ந்து திரைக்குள் நுழைந்தார். பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் உருவான 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. அங்கிருந்து புறப்பட்டவர்தான் தெருக்குரல் அறிவு. இவர்கள் எல்லாரும் 'மடை திறந்து' பாட்டிலிருந்து முளைத்தார்கள் என்று சொன்னால் அது மிகை. ஆனால் தமிழில் ராப் பாடி ஊரையே கூடவே பாடவைக்கலாம் என்பதற்கு முதல் சாட்சி அந்தப் பாட்டுதான்.

வெளியூர்க் காதுகள்

நாம் ராஜாவை ராகத்துக்காகக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் அவரிடம் தாளத்தைத் தேடி வந்தார்கள். 2003-ல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 'எலிஃபங்க்' ஆல்பத்தில், 1985-ல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. ரஜினிகாந்த் தன் நூறாவது படமாகப் பக்தியோடு நடித்த மகானின் கதை அது. அதற்குள் இருந்த ஆட்டப்பாட்டைத் துல்லியமாகக் கண்டுபிடித்து எடுத்தார்களே, அந்தக் காதுக்கு ஒரு சபாஷ் போடலாம். ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லண்டன் பாடகி எம்.ஐ.ஏ. 2007-ல் தன் 'கலா' ஆல்பத்தின் முதல் பாட்டில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டைக் கையாண்டார். அதே ஆல்பத்தில் உறுமி மேளம் உலக நடன மேடைகளுக்குப் போனது.

இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான ராஜாவின் பாட்டுகளைப் பொறுக்கி 'சொல்லச் சொல்ல' என்று ஒரு தொகுப்பை வெளியிட்டது. 1985 முதல் 1989 வரையிலான தமிழ்ப் படப் பாட்டுகளுக்கு 'ஃபயர் ஸ்டார்' என்ற தொகுப்பு வந்தது. அதன் அட்டையிலேயே இவை எலெக்ட்ரோ ஃபங்க் என்று போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ச் சவுண்ட் சர்வீஸ்காரரின் பரணில் தூசி படிந்து கிடந்த இசைத்தட்டுகளை இப்போது ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். இந்த மோகத்தில் கொஞ்சம் பொருட்காட்சி மனோபாவமும் உண்டு. தமிழ் தெரியாமல், படம் தெரியாமல், வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே ரசிப்பது. ஆனாலும் அவர்களுக்கு வரி புரியாததால்தான் அடியில் ஓடியது கேட்டிருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அட்டையில் இல்லாத பெயர்கள்

'மடை திறந்து' பாட்டுக்கு மூன்று பெயர்கள் நமக்குத் தெரியும். இளையராஜா, வாலி, எஸ்.பி.பி. இசைத்தட்டின் அட்டை அவ்வளவுதான் சொல்லும். இன்று செயலிகளில் தேடினாலும் அதேதான். ஜவ்வாது மலையில் இளவட்டங்களை ஆடவைத்த அந்தத் தரையைப் போட்டவர்கள் கால்ஷீட்டுக்கு வந்து, வாசித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போனவர்கள்.

2020-ல் எஸ்.பி.பி. மறைந்தபோது தமிழ்நாடே வீட்டுக்குள்ளிருந்து அழுதது. அதே ஆண்டு மே மாதம், ஊரடங்கின் நடுவில், புருஷோத்தமன் காலமானார். ராஜாவின் பல ஆண்டுக்கால டிரம்மர், பின்னாளில் அவருடைய இசைக்குழுவை நடத்தியவர். இசைக்கலைஞர்களும் தீவிர ராஜா ரசிகர்களும் அஞ்சலி எழுதினார்கள். எண்பதுகளில் பிறந்து அவருடைய குச்சிக்கு ஆடியே வளர்ந்த பெருங்கூட்டத்துக்கு யார் போனார் என்பதே தெரியவில்லை.

மெட்டுக்கு உரிமையாளர் உண்டு. அதை நிலைநாட்ட இளையராஜா எடுத்த நடவடிக்கைகள் ஊரறிந்தவை. 2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கே அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். பின்னர் புதுப் படங்களில் பழைய பாட்டைச் செருகியவர்கள் மீதும் வழக்குகள் தொடர்ந்தன. நண்பர்களுக்குள் நோட்டீஸா என்று அன்று கோபப்பட்டவர்கள் உண்டு. என் கணக்கில் ராஜா கேட்டது நியாயம். படைத்தவன் கேட்காமல் யார் கேட்பது? ஆனால் அந்த நியாயம் அவரோடு நின்றுவிடுகிறது என்பதும் உண்மை. இந்தியக் காப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பு என்று ஒன்றையும் ஒலிப்பதிவு என்று ஒன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. முன்னது இசையமைப்பாளருடையது, பின்னது பதிவுக்குப் பணம் போட்டவருடையது. எட்டுச் சுற்று டிரம்ஸ் நடை இந்த இரண்டிலும் தனிப்பொருளாக நிற்காது. 2012-ல் வந்த திருத்தம் நிகழ்த்துநர்களுக்குச் சில உரிமைகளைச் சேர்த்தது. தன் பெயரைச் சொல்லும்படி கேட்கும் உரிமையும் அவற்றில் ஒன்று. பாடகர்கள் அடுத்த ஆண்டே ஒரு சங்கம் அமைத்துத் தங்கள் தொகையை வசூலிக்கத் தொடங்கினார்கள். குரலுக்கு முகம் உண்டு, மேடை உண்டு. பேஸ் கிட்டாருக்கு இரண்டும் இல்லை.

நடுவில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி செய்தார். தொண்ணூறுகளில் ரஹ்மானின் கேசட் உறையை விரித்தால் உள்ளே வாத்தியக்காரர்களின் பெயர்கள் இருக்கும். பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ், புல்லாங்குழல் நவீன், தாளம் சிவமணி என்று. பாட்டுப் புத்தகம் தேடிக் கேசட் வாங்கிய பிள்ளைகள் அந்தப் பொடி எழுத்தைப் படித்துத்தான் பேஸ் வாசிப்பதற்கென்று ஒரு மனிதர் இருக்கிறார் என்பதையே தெரிந்துகொண்டார்கள். கேசட் போனதும் உறையும் போயிற்று.

இப்போது சண்டை வேறு வடிவில் வந்திருக்கிறது. 2021-ல் பாடகி தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்தப் பாட்டை எழுதியது யார், மெட்டு யாருடையது, பத்திரிகை அட்டைப்படத்தில் யார் முகம் வர வேண்டும் என்று பொதுவெளியிலேயே வாக்குவாதம் நடந்தது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். கேட்க வருத்தமாக இருந்தாலும் இந்தச் சண்டையை நான் நல்ல சகுனமாகத்தான் பார்க்கிறேன். 1980-ல் ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வந்த வாத்தியக்காரர் எவரும் அட்டையில் என் பெயர் எங்கே என்று கேட்டிருக்க மாட்டார். கேட்டால் அடுத்த கால்ஷீட் போய்விடும். இன்று எழுதியவரும் பாடியவரும் தயாரித்தவரும் உரக்கக் கேட்கிறார்கள். டிரம்மரின் முறை இன்னும் வரவில்லை.